முதலைக்குச் சொந்தக்காரி

"ஏழு வருஷம்! ஆத்துக்கு அடியிலே, மூச்சு விடாம, முதலைகளோட உட்கார்ந்து படிச்சவர்! யார் வளர்த்த முதலை யாரைத் தின்னுதுன்னு விலாசத்தோட சொல்றவர்! புரொபசர் டாக்டர் சிங்கானோ! நாளைக்குக் காலையிலே! சிகும்பித் துறையிலே! குடும்பத்தோட வாங்க!"

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஷிரே ஆற்றங்கரை முழுக்க இதே கூச்சல்தான். வேனின் கூரையில் ஒலிபெருக்கி, பக்கவாட்டில் பெரிய படம். படத்தில் புரொபசர் ஒரு முதலையின் முதுகில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஏதோ பங்கு உண்டு போல.

பருத்திக்காட்டில் ஒரு ஆள் இல்லை. வலைகள் மணலில் கிடந்தன. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிள் டாக்ஸிகளில் சனம் வந்து இறங்கியது. நாளைக்கு நடக்கப்போவதைப் பார்க்க இன்றைக்கே இடம் பிடித்தார்கள். உருளைக்கிழங்கு வறுப்பவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கே வந்துவிட்டாள். ஊரில் எழவு விழுந்த களை சுத்தமாகப் போய், திருவிழாக் களை வந்திருந்தது.

இந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கினவள் ஸியோனே குவாஸா. பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சிக்காரி. மனுஷனும் முதலையும் ஒரே தண்ணீருக்கு இறங்கினால் என்ன ஆகும், அது ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை. ஊர் அவளை 'முதலை டாக்டரம்மா' என்று கூப்பிடும். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்பதால் உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமும் உண்டு.

விடிகாலையில் வனத்துறைக் காவலர்கள் மணல்திட்டில் ஒரு முதலையைச் சுட்டிருந்தார்கள். அதை அளந்து, பல் எடுத்து, வயிற்றில் என்ன இருக்கிறது என்று குறித்துவைப்பது அவள் பொறுப்பு. வனத்துறைக் கடிதம் கையில் இருந்தது. முதலை மாமரத்தடியில் கிடந்தது. நாலு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அதைச் சுற்றி, ஆனால் நல்ல தூரத்தில், இருநூறு பேர்.

"தலைவரே, இந்த ஆளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் புரொபசர் பட்டம் குடுத்துச்சு?" என்று கேட்டாள்.

ஊர்த்தலைவர் தெம்போ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அதான் மைக்கிலே சொல்றாங்களேம்மா. ஆத்துக்கு அடியிலே."

"கரையிலே படிச்ச எனக்கே இன்னும் அந்தப் பட்டம் வரலை. அடியிலே சீக்கிரம் குடுத்துடுறாங்க போல."

"சிரிக்காதீங்கம்மா. மூணு மாசத்திலே மூணு பேர். கடைசியா என் தம்பி மக சாலா. பதினாலு வயசு. குடம் மட்டும்தான் மிதந்து வந்துச்சு. ஆத்து முதலை மீனைத் தின்னும். ஆளைத் தின்னா அது ஆள் வளர்த்த முதலை. வளர்த்தவன் யாருன்னு கண்டுபிடிக்கணுமா வேண்டாமா?"

"கண்டுபிடிச்சா?"

தெம்போ ஆற்றைப் பார்த்தார். அக்கரை ஊரில் போன மாசம் புரொபசர் கண்டுபிடித்தார். செத்த முதலையின் வயிற்றுக்குள் கையை விட்டு ஒரு கிழவரின் பொடி டப்பாவை எடுத்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் கிழவரின் கூரை எரிந்தது. அவர் இப்போது பட்டணத்துச் சந்தைக் கொட்டகையில் படுத்துக்கிடக்கிறார். புரொபசர் வீட்டுக்கு ஒரு காப்புக்கயிறு விற்று, கோழிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரமே அங்கே இன்னொருத்தரை முதலை இழுத்தது. கயிறு கட்டின கையோடுதான். 'கயித்தை நனைச்சிட்டான், அதான்' என்று விளக்கம் வந்தது. ஆற்றில் இறங்கும்போது நனையாத கயிறு வேண்டுமாம்.

"வயித்தை யார் அறுப்பாங்க?"

"அவர்தான். வேற யார் தொட முடியும்? முதலைப் பித்தம் ஒரு சொட்டு பட்டாலும் குடும்பமே போயிடும். சாட்சி வெச்சு எரிச்சு, சாம்பலை ஆத்திலே விடுற வரைக்கும் ஒருத்தரும் கிட்டே போகக்கூடாது. இருபது அடி தள்ளி நிக்கணும்னு சொல்லிட்டார்."

இருபது அடி! ஸியோனே மனதுக்குள் அளந்து பார்த்தாள். படத்தில் புரொபசர் போட்டிருந்த அங்கியின் கைகள் ஒவ்வொன்றும் தலையணை உறை அளவு. அதற்குள் ஒரு வாத்தை வைத்துக் கட்டினாலும் இருபது அடியிலிருந்து தெரியாது.

"யார் பேரு வரும்னு ஊரிலே பேச்சு, தலைவரே?"

தெம்போ மூக்கைச் சொறிந்தார். "ஊரே முதலை வாயிலே போகுது. ஒருத்தியை மட்டும் அது தொடலை. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

ஸியோனே யோசித்துப் பார்க்கவே வேண்டாம். அந்த ஒருத்தியை முதலை தொடாமல் செய்தது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளேதான்.

நாலு மாசத்துக்கு முன்னால் இதே ஊரில் அவள் கூட்டம் போட்டாள். துறையில் முட்டளவு தண்ணீரில் மூங்கிலை நெருக்கமாக நட்டு, முள்கிளை வைத்துக் கட்டி, அந்த வேலிக்கு உள்ளே நின்று தண்ணீர் மொள்ளுங்கள் என்று படம் போட்டுக் காட்டினாள். அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் தலையாட்டலும் தீர்ந்தது. வேலி கட்டினது ஒரே ஒருத்தி. எஸ்நாத். புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை. ஆற்றோரம் ஈரமண்ணில் கீரைத்தோட்டம் போட்டுப் பிழைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

தோட்டத்தில் அவள் கடுகுக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள். ஸியோனேவைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"வாங்க டாக்டரம்மா. நீங்க சொன்ன வேலி நல்லா வேலை செய்யுது. முதலை வர்றதில்லை. மனுசங்கதான் வரப்போறாங்க."

"பட்டணத்துக்கு என்கூட வந்துடுங்கக்கா. வண்டி இருக்கு."

"இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா? தலைவரோட மருமகன் இந்த மண்ணு மேலே ரெண்டு வருஷமா கண்ணு வெச்சிருக்கான். நான் போனா, 'பாத்தீங்களா, ஓடிட்டா'ம்பான். அப்புறம் நிரூபணமே தேவையில்லே." கீரைக்கட்டை இறுக்கிக் கட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "இன்னொண்ணு இருக்கு. சொல்ல வெட்கமா இருக்கு."

"சொல்லுங்க."

"நேத்து அந்த ஆளு ஊர்ப் பொம்பளைங்க எல்லாரையும் மருந்துத் தண்ணியிலே குளிக்கச் சொன்னான். மறைப்புக்கு வெளியே கூடை. துணி, மணி எல்லாம் அதிலே கழட்டி வெச்சுட்டுப் போகணும். குளிச்சு வந்து பார்க்கிறேன், என் இடுப்பு மணியைக் காணோம்."

இடுப்பு மணி என்றால் சும்மா இல்லை. துணிக்கு உள்ளே, புருஷன் மட்டும் பார்க்கிறது. ஒவ்வொருத்தியும் தன் இஷ்டத்துக்கு நிறம் சேர்த்துக் கோப்பாள். ஒருத்தி கோத்த வரிசை இன்னொருத்திக்கு வராது. ஒன்றாகக் குளிக்கிற பெண்களுக்கு யாருடையது எது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். தொலைந்து போனது என்று வெளியே சொல்லிக் கேட்கவும் முடியாது. பார்த்துத்தான் எடுத்திருக்கிறான் கில்லாடி!

"உங்க வரிசை என்ன நிறம்?"

"ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு நீலம்."

"நாளைக்கு அது எங்கேயிருந்து வெளியே வரும்னு உங்களுக்குத் தெரியுமா, அக்கா?"

எஸ்நாத் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஸியோனே நேராகப் போனது லின்னெஸ் வீட்டுக்கு. முதலைக்குப் போன சாலாவைப் பெற்றவள். 'எஸ்நாத்தான், எஸ்நாத்தான்' என்று ஊரிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளும் அவள்தான். தலைவருக்குத் தம்பி பெண்டாட்டி. புரொபசருக்குத் தலைவர் வீட்டில் போடப்போகிற விருந்துக்குச் சமையலும் அவள் தலையில்.

"எதுக்கு வந்தே? அவளுக்கு வக்காலத்து வாங்கவா?" என்றாள் லின்னெஸ்.

"இல்லே. முதலையை இப்ப அறுக்கப்போறேன். உன் மக அதுக்குள்ளே இருக்காளான்னு நீ பார்க்க வேண்டாமா? நாளைக்கு இருபது அடி தள்ளி நின்னா என்ன தெரியும்?"

லின்னெஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "பித்தம்?"

"வா. காட்டறேன்."

வனத்துறைக் கடிதத்தைக் காட்டி, காவலர்களை வைத்து முதலையைப் பிக்கப்பில் ஏற்றி, வனத்துறைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். காவலர்கள் வெளியே போய், கொஞ்ச தூரம் ஓடியே போய், நின்றுகொண்டார்கள். துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள்தான்! ஸியோனே பச்சைப் பித்தப்பையை அறுத்தெடுத்தாள். உள்ளே விரலை விட்டாள். லின்னெஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரலை நாக்கில் வைத்தாள்.

"ஐயோ, பாவி!"

"கசக்குது," என்றாள் ஸியோனே, முகத்தைச் சுளித்துக்கொண்டு. "நாப்பது முதலை அறுத்திருக்கேன். கையெல்லாம் பட்டிருக்கு. கசப்பைத் தவிர ஒண்ணும் இல்லே."

லின்னெஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் சாகிறாளா என்று பார்த்தாள். ஒரு மணி நேரம் பார்த்தாள். ஸியோனே சாகவில்லை. அளந்தாள், எழுதினாள், பல் எடுத்தாள், நடுவில் ஒரு வாழைப்பழம் தின்றாள்.

"இன்னும் ஒண்ணும் ஆகலையா?"

"பசிக்குது."

லின்னெஸ் எழுந்து பக்கத்தில் வந்தாள். "வயித்துப் பையைத் திற," என்றாள்.

அந்தப் பைக்குள் என்ன இருந்தது, அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இப்போது சொல்வதாக இல்லை. புரொபசருக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு?

சனிக்கிழமை காலை. மாமரத்தடியில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். புரொபசர் தலைவர் வீட்டு விருந்தை முடித்துவிட்டு, பல் குத்திக்கொண்டே வந்தார். சிவப்பு அங்கி. கழுத்தில் முதலைப் பல். எண்ணெய் பூசிய கன்னம். ஊர் முழங்காலிட்டது.

ஸியோனே ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே வாழை இலை. "ஐயா, தோலை வனத்துறைக்குப் பத்திரமாக் குடுக்கணும். அதான் வயித்துப் பையை மட்டும் உங்களுக்குத் தனியா வெச்சிருக்கு. பித்தமும் கூடவே கட்டியிருக்கு."

புரொபசர் கண்ணைச் சுருக்கினார். "நீ தொறந்தியா, பொண்ணே?"

"சத்தியமா இந்தப் பையை நான் தொறக்கவே இல்லீங்க ஐயா. கட்டின நார் அப்படியே இருக்கு பாருங்க."

உண்மைதான். அந்தப் பையை அவள் திறக்கவில்லை. புரொபசருக்கும் சந்தோஷம்தான். நாலு மீட்டர் முதலையை அறுக்கிற நாற்றமும் வேலையும் மிச்சம்.

"எல்லாரும் இருபது அடி! பித்தம் தெறிச்சா நான் பொறுப்பில்லே! கர்ப்பிணிங்க முப்பது அடி!" என்று கத்தினார். கூட்டம் பின்னால் போய் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்தது. அவர் இலையை விலக்கினார். சேறும் ரத்தமும் பூசின கொழகொழப்பான பை. மீன் நாற்றம். அண்ணாந்து ஆற்றின் பாஷையில் ஏதோ கத்தினார். ஆறு பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு கீறல். அங்கியின் கை உள்ளே போனது. முழங்கை வரை. முகம் கோணியது. உடம்பு உதறியது. "விடு! விடுடா பொல்லாதவனே!" என்று உள்ளே யாருடனோ சண்டை போட்டார். கடைசியில் கையை உயர்த்தினார்.

விரல் நடுவே தொங்கியது ஒரு மணிச்சரம். ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு நீலம்.

"இது யாரு இடுப்பிலே இருந்தது? பொம்பளைங்களே, உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க!"

முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு நூறு. "எஸ்நாத்! எஸ்நாத்து மணி!" யாரோ கல்லைப் பொறுக்கினான். தலைவரின் மருமகன் ஏற்கெனவே தோட்டத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான். எஸ்நாத் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் விலகினதில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

ஸியோனே ஒரு அடி முன்னால் வந்தாள். "தலைவரே, ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிடறேன். புரொபசர் ஐயா, இது முதலை வயிறுதானே?"

"என்ன கேள்வி இது?"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க ஐயா. எனக்குப் படிப்பு கம்மி."

"ஏழு வருஷம் முதலைங்களோட ஒரே பாயிலே படுத்தவன்கிட்டே கேக்கிறியா? இது முதலை வயிறு. ஆம்பளை முதலை. மூணு பேரைத் தின்ன முதலை. இந்த மணியைக் குடுத்து இவ ஏவி விட்ட முதலை! போதுமா?"

"போதும் ஐயா," என்றாள் ஸியோனே. "லின்னெஸ்!"

கூட்டத்திலிருந்து லின்னெஸ் நடந்து வந்தாள். இருபது அடிக் கோட்டைத் தாண்டினாள். "போகாதேடி!" என்று பின்னால் அலறினார்கள். அவள் பாத்திரத்துக்குள் கையை விட்டு, பையை வெளியே எடுத்து, ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். சேறு போனது. தேனடை போலக் கட்டம் கட்டமாக ஒரு மடிப்பு. பக்கத்தில் துவாலை போலச் சொரசொரப்பாக ஒன்று.

இறைச்சி அறுக்கத் தெரியாத வீடு அந்த ஊரில் கிடையாது. முன்வரிசையில் ஒருத்தி வாயில் கைவைத்தாள். "இது… இது ஆட்டு வயிறுல்லே?"

"ஆட்டு வயிறுதான்," என்றாள் லின்னெஸ். "தலைவர் மாமா வீட்டுப் பழுப்பு ஆடு. நேத்து சாயங்காலம் அறுத்தது. நான்தான் கழுவினேன், நான்தான் மீன்குடலைத் திணிச்சு நாரைப் போட்டுக் கட்டினேன். மீதி ஆடு இதோ," என்று புரொபசரின் வயிற்றைக் காட்டினாள், "இங்கே இருக்கு. காலையிலே ரெண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே."

முதலில் யாரோ ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் அது பரவியது. "அப்போ எஸ்நாத்து ஏவி விட்டது ஆட்டையா?" "ஆடா மூணு பேரைத் தின்னுச்சு?" "தலைவரே, உங்க ஆட்டுக்கு இடுப்பு மணி யாரு கட்டி விட்டா?"

புரொபசர் விடவில்லை. வித்தைக்காரனுக்குக் கடைசிப் பை ஒன்று எப்போதும் இருக்கும். பாத்திரத்திலிருந்து பச்சைப் பித்தப்பையைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். "தள்ளுங்க! இதை உடைச்சேன்னா ஒருத்தர் மிஞ்ச மாட்டீங்க!"

பழக்கதோஷம். ஆயிரம் பேரும் திரும்பி ஓட ஆரம்பித்தார்கள்.

"அதுவும் ஆட்டுதுதான்!" என்று லின்னெஸ் கத்தினாள். "முதலைப் பித்தத்தை நேத்து இவங்க நக்கிக் காட்டினாங்க. ஒரு மணி நேரம் சாவாங்களான்னு பார்த்தேன். வாழைப்பழம்தான் தின்னாங்க!"

ஓடினவர்கள் நின்றார்கள். வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள். புரொபசர் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். பிடியில் கசங்கின பையிலிருந்து ஆட்டுப் பித்தம் அவர் முழங்கை வழியாக அங்கிக்குள் ஒழுகியது. அந்த அங்கியின் கையை எஸ்நாத் வந்து பிடித்து உதறினாள். ஒரு சின்னத் துணிப்பை விழுந்தது. அதற்குள் இன்னொருத்தியின் மணிச்சரம், ஒரு சீப்பு, ஒரு சாவி, ஒரு பொடி டப்பா மூடி. அடுத்தடுத்த ஊர்களுக்குக் கைவசம் வைத்திருந்த சாட்சிகள்.

எஸ்நாத் தன் மணியை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். "ஏழு வருஷம் கூடப் படுத்தவனுக்கு வயிறு அடையாளம் தெரியலை. செத்துப்போன என் புருஷன் குடிச்சிட்டு வந்தப்பக்கூட என் மணியை அடையாளம் சொல்லுவான்," என்றாள்.

இப்போது கல் வேறு பக்கம் திரும்பியது. எஸ்நாத்துக்காகப் பொறுக்கின அதே கல், அதே கை. ஸியோனே குறுக்கே போய் நின்றாள். "கையிலே கல்லு இருந்தா எறிஞ்சே தீரணுமா? கீழே போடுங்க!" புரொபசர் வேனுக்குள் பாய்ந்தார்; வேன் கிளம்ப மறுத்தது. அதை ஊரே தள்ளிவிட்டது. வந்த மரியாதைக்கு அது போதும்.

புழுதி அடங்கினதும் லின்னெஸ் ஸியோனேவின் வாளியைத் தூக்கிவந்து நடுவில் கவிழ்த்தாள். அதுதான் உண்மையான முதலை வயிற்றில் இருந்தது. முப்பத்தாறு கூழாங்கல். கெளுத்தி மீனின் முள். ஆமை ஓட்டுத் துண்டு. ஒரு சைக்கிள் பெடல்.

"என் சாலா இதிலே இல்லே," என்றாள் லின்னெஸ். "இது வேற முதலை. என் பொண்ணைத் தின்னது இன்னும் ஆத்திலேதான் இருக்கு. நீங்க எல்லாரும் இங்கே உட்கார்ந்து ஆட்டு வயித்துக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தீங்க. முன்வரிசையிலே தட்ட இருந்தவ நான்தான்." எஸ்நாத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். "அக்கா, உன் வேலி எத்தனை மூங்கில்?"

"நாப்பது," என்றாள் எஸ்நாத். கொஞ்சம் விட்டு, "அறுவாள் கொண்டு வா. எங்கே நல்ல மூங்கில்னு காட்டறேன்," என்றாள்.

அவர்கள் போனார்கள். கூட்டம் போகவில்லை. ஸியோனேவைச் சூழ்ந்துகொண்டது. பித்தம் நக்கியும் சாகாதவள்! அவளிடம் என்ன சக்தி இருக்கிறதோ!

தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மா, அவன் திருடன், சரி. நீங்க ஒரு கயிறு கட்டி விட்டா என்ன?"

ஸியோனேவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிக்கப்புக்குப் போய் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து வந்தாள். உள்ளே வெளிறிய துணுக்கு ஒன்று, சுண்டுவிரல் அளவு.

"இது என்னம்மா, மருந்தா?"

"அந்த முதலையோட மூளை, தலைவரே."

"இவ்வளவுதானா!"

"இவ்வளவுதான். நாலு மீட்டர் உடம்புக்கு இவ்வளவுதான். ஆனா வேலியைப் பார்த்தா, 'இங்கே நடக்காது'ன்னு திரும்பிப் போறதுக்கு இது போதுமா இருக்கு."

தெம்போ புட்டியைப் பார்த்தார். மற்றக் கை அவரை அறியாமலேயே மேலே போய்த் தன் மண்டையைத் தடவிப் பார்த்தது. மூங்கில் காட்டுப் பக்கமிருந்து அறுவாள் சத்தம் கேட்டது. ரோட்டுப் பக்கமிருந்து ஒலிபெருக்கியும் கேட்டது. வேன் எப்படியோ கிளம்பி அடுத்த ஊருக்குள் நுழைந்துவிட்டது. "ஏழு வருஷம்! ஆத்துக்கு அடியிலே ஏழு வருஷம்!"

தலைவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். முதலையின் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதை அறுக்க வேண்டியிருந்தது. மனுஷனுக்கு அந்தச் சிரமம் இல்லை. எந்தச் சத்தத்தின் பின்னால் போகிறான் என்று பார்த்தாலே போதும்.